இல்லாத ஏவுகணைகளின் கதை

1960 அமெரிக்க அதிபர் தேர்தலில் அடிக்கடி அடிபட்ட ஒரு வார்த்தை 'ஏவுகணை இடைவெளி'. ரஷ்யாக்காரன் நம்மைவிட ரொம்ப முன்னாடி போயிட்டான், அவனிடம் இருக்கும் அளவுக்கு ஏவுகணைகள் நம்மிடம் இல்லை, அவன் நினைத்தால் ஒரே இரவில் நம் கதையை முடித்துவிடலாம். இதுதான் அதன் சாரம். வேட்பாளர் ஜான் கென்னடி இதை மேடைக்கு மேடை பேசினார். ஜெயித்தும் விட்டார்.

சரி, அந்த நேரத்தில் அமெரிக்காவை எட்டக்கூடிய ஏவுகணைகள் சோவியத் ஒன்றியத்திடம் உண்மையில் எத்தனை தயாராக இருந்தன? எண்ணுவதற்கு ஒரு கை விரல்களே போதும்.

அதாவது இடைவெளி இருந்தது நிஜம்தான், ஆனா முன்னால் நின்றது அமெரிக்கா. பனிப்போரை வெறும் குண்டுகளின் எண்ணிக்கையாகப் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்தப் போட்டியை வேகமாக ஓட வைத்ததில் இல்லாத ஏவுகணைகளுக்கும் பெரிய பங்கு உண்டு. அதைப் பற்றிய குறிப்புகள்தான் இது.

சாசேஜ் கணக்கு

1957 ஆகஸ்டில் சோவியத்தின் ஆர்-7 ஏவுகணை முதல்முறை வெற்றிகரமாகப் பறந்தது. செர்கெய் கொரல்யோவ் வடிவமைத்தது. அக்டோபர் 4 அன்று அதே ராக்கெட் ஸ்புட்னிக்கைச் சுற்றுப்பாதையில் கொண்டுபோய் விட்டது. தலைக்கு மேலே ரேடியோவில் பீப் பீப் என்று கேட்டதும் அமெரிக்கா ஆடிப்போனது. செயற்கைக்கோளைத் தூக்குகிற ராக்கெட்டுக்கு ஹைட்ரஜன் குண்டைத் தூக்கிவந்து நியூயார்க்கில் போடத் தெரியாதா என்ன?

தெரியும். ஆனா ஒரு சிக்கல். விண்வெளிக்கு ஆர்-7 அருமையான வாகனம், போருக்கு மோசமான ஆயுதம். நடுவில் ஒன்று, சுற்றி நான்கு என ஐந்து ராக்கெட்டுகளைச் சேர்த்துக் கட்டிய பிரம்மாண்டம் அது. மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும்தான் எரிபொருள். திரவ ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும், அதனால் நிரப்பி வைத்துக்கொண்டு காத்திருக்க முடியாது. ஏவுவதற்கு முன் பல மணி நேர வேலை. அதற்குள் எதிரியின் விமானம் வந்து ஏவுதளத்தையே காலி செய்துவிடும். ஒரு தளம் கட்ட ஆகும் செலவோ கொஞ்சநஞ்சமில்லை. வடக்கே ப்ளெசெட்ஸ்க் காட்டுக்குள் நான்கு ஏவுதளங்கள் கட்டினார்கள். கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

நிகிதா குருஷேவ் என்ன செய்தார்? எங்கள் தொழிற்சாலையில் ஏவுகணைகள் சாசேஜ் மாதிரி வரிசையாக வந்து விழுகின்றன என்றார். ஒரே ஆலையில் வருடத்துக்கு 250 ஏவுகணைகள், எல்லாம் ஹைட்ரஜன் குண்டோடு என்று 1959 நவம்பரில் சொன்னார். அவருடைய மகன் செர்கெய் ராக்கெட் துறையில் பொறியாளர். "நம்மிடம் இருப்பதே இரண்டோ மூன்றோதானே, எப்படி இப்படிச் சொல்கிறீர்கள்" என்கிற மாதிரி அப்பாவிடம் கேட்டதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அமெரிக்கர்கள் நம்பினால் போதும் என்பதுதான் அப்பாவின் பதில்.

குருஷேவை வெறும் வாய்ச்சவடால் ஆசாமி என்று தள்ளிவிட முடியாது. மதிப்பீடுகளின்படி, 1960-ல் அமெரிக்காவிடம் சுமார் 18,000 அணுகுண்டுகள், சோவியத்திடம் சுமார் 1,600. நாட்டைச் சுற்றிலும் அமெரிக்க விமானத் தளங்கள். இன்னொரு பக்கம் அவருக்கு வீடு கட்டவும் விவசாயத்துக்கும் பணம் வேண்டும். 1960 ஜனவரியில் ராணுவத்திலிருந்து 12 லட்சம் பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தார். ஏவுகணை செய்வதைவிட ஏவுகணை இருக்கிறது என்று சொல்வது மலிவு. அவர் போட்ட கணக்கு அது.

அந்தப் பேச்சுக்கு விலை கொடுத்தவர்களும் உண்டு. 1960 அக்டோபர் 24 அன்று பைக்கனூரில், அடுத்த தலைமுறை ஆர்-16 ஏவுகணை ஏவுமேடையிலேயே வெடித்தது. புரட்சி தினத்துக்குள் பறக்கவிட வேண்டும் என்ற அவசரத்தில், எரிபொருள் நிரப்பிய ராக்கெட்டைச் சுற்றி ஆட்களை நிறுத்தி வேலை வாங்கியிருக்கிறார்கள். ஏவுகணைப் படைத் தளபதி மார்ஷல் நெடெலின் உட்படப் பலர் அங்கேயே எரிந்துபோனார்கள். அவர் விமான விபத்தில் இறந்ததாக நாட்டுக்குச் சொன்னார்கள். உண்மை வெளிவர 1989 வரை ஆனது.

தெரிந்தும் சொல்ல முடியாதவர்

அமெரிக்காவில் ஒருவருக்கு மட்டும் இந்தக் கதையில் சந்தேகம் இருந்தது. அதிபர் ஐசன்ஹோவர். 1956 ஜூலையிலிருந்து யு-2 உளவு விமானங்கள் சோவியத் மேல் ரகசியமாகப் பறந்து படம் எடுத்துக்கொண்டிருந்தன. முன்பு கிளம்பிய 'குண்டுவீச்சு விமான இடைவெளி' பீதி பொய் என்று காட்டியதும் அந்தப் படங்கள்தான். ஏவுகணைத் தளங்களும் வரிசை வரிசையாகக் கண்ணில் படவில்லை.

ஆனா அதை வெளியே சொன்னால், "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பார்களே. ரகசியம் போய்விடும். மேலும், இவ்வளவு பெரிய நாட்டில் யு-2 பார்த்தது கொஞ்சம்தான். பார்க்காத இடத்தில் இருந்தால்? இந்த 'இருந்தால்' என்ற சொல்லில்தான் பீதி வளர்ந்தது. விமானப்படை பெரிய எண்ணைச் சொன்னது, ஏனென்றால் புது ஏவுகணைக்கு நிதி வேண்டும். பத்திரிகைகள் அதைப் பெருக்கின. எதிர்க்கட்சிக்குத் தேர்தல். 1960 மே 1 அன்று கேரி பவர்ஸ் ஓட்டிய யு-2-வைச் சோவியத் சுட்டு வீழ்த்தியதும், இருந்த ஒரு கண்ணும் மூடிக்கொண்டது.

வானத்திலிருந்து வந்த பிலிம்

மூன்றே மாதத்தில் இன்னொரு கண் திறந்தது. 1960 ஆகஸ்டில் கொரோனா என்ற ரகசியத் திட்டத்தின் செயற்கைக்கோள் ஒன்று, சோவியத் நிலத்தைப் படம்பிடித்த பிலிம் சுருளை ஒரு கூடைக்குள் வைத்துக் கீழே அனுப்பியது. ஹவாய் பக்கம் பாராசூட்டில் இறங்கிவந்த அதை, ஒரு விமானம் காற்றிலேயே கொக்கி போட்டுப் பிடித்தது. அதுவரை எல்லா யு-2 பயணங்களும் சேர்ந்து காட்டியதைவிட அதிகமான நிலப்பரப்பு அந்த ஒரே சுருளில் இருந்தது.

1961 பிப்ரவரியில் புதிய பாதுகாப்பு அமைச்சர் மெக்னமாரா, இடைவெளி எதுவும் இல்லை என்று நிருபர்களிடம் சொல்லிவிட்டார். அதை வைத்துத்தானே தேர்தலில் ஜெயித்தீர்கள் என்று ஒரே களேபரம். வெள்ளை மாளிகை அவசரமாக மறுத்தது. மேலும் படங்கள் வந்து சேர, செப்டம்பரில் உளவுத்துறை தன் மதிப்பீட்டை 10 முதல் 25 ஏவுகணைகள் என்று இறக்கியது. அதுவும் உண்மையைவிட அதிகம்தான்.

குட்டு வெளிப்பட்ட பிறகு

பயம் தீர்ந்தது, இனி போட்டி தணியும் என்றுதானே எதிர்பார்ப்போம்? நடந்தது வேறு.

பெர்லின் சுவர் எழுந்த சூட்டில், 1961 அக்டோபர் 21 அன்று பாதுகாப்புத் துணை அமைச்சர் கில்பாட்ரிக் ஒரு உரையில் எல்லாவற்றையும் போட்டு உடைத்தார். சோவியத் முதலில் அடித்த பிறகும் எங்களிடம் மிஞ்சுவது, அவர்கள் முதல் அடிக்கு வைத்திருப்பதைவிடக் குறையாது என்றார். உங்கள் பை காலி என்று எங்களுக்குத் தெரியும் என்பதுதான் அதன் பொருள். மாஸ்கோவில் கட்சி மாநாடு நடந்துகொண்டிருந்த நேரம் அது. குருஷேவுக்கு எப்படி இருந்திருக்கும்! ஒன்பது நாள் கழித்து, அக்டோபர் 30 அன்று, ஏற்கெனவே அறிவித்திருந்தபடி சுமார் 50 மெகாடன் குண்டை வெடித்துக் காட்டினார்கள். மனித வரலாற்றிலேயே பெரிய வெடிப்பு. ஆனா வெடித்துக் காட்டலாமே தவிர, அமெரிக்கா வரை தூக்கிப்போக அதற்கு ஏவுகணை கிடையாது.

நீண்ட தூர ஏவுகணை இல்லாவிட்டாலும், சுமார் 2,000 கிலோமீட்டர் போகும் ஆர்-12 நிறைய இருந்தது. அதை அமெரிக்காவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தால்? 1962-ல் அவை கப்பலேறி கியூபா போயின. காஸ்ட்ரோவின் அரசைக் காப்பாற்றுவதும் ஒரு காரணம்தான். ஆனா அம்பலமான பொய்யை அவசரமாக உண்மையாக்கும் முயற்சியும் அதில் இருந்தது. அந்த அக்டோபரில் உலகம் அணு ஆயுதப் போருக்கு எவ்வளவு பக்கத்தில் போய்விட்டு வந்தது என்பது நமக்குத் தெரியும்.

அமெரிக்காவும் நிறுத்தவில்லை. இடைவெளி இல்லையென்று தெரிந்த பிறகும் கென்னடி அரசு ஏவுகணைகளை அடுக்கிக்கொண்டே போனது. 1,000 மினிட்மேன் ஏவுகணைகள் நிலவறைகளில் இறங்கின. ஒருமுறை கொடுத்த வாக்குறுதி, தொடங்கிய ஆலை, ஒதுக்கிய நிதி, இவற்றையெல்லாம் ஒரு செயற்கைக்கோள் படம் நிறுத்திவிடாது. கியூபாவில் பின்வாங்கிய அவமானத்துக்குப் பிறகு, 1964-ல் குருஷேவைத் தூக்கிவிட்டு வந்தவர்கள் நிஜமாகவே சாசேஜ் மாதிரி ஏவுகணை செய்ய ஆரம்பித்தார்கள். 1972 சால்ட் ஒப்பந்தத்தில் உறையவைக்கப்பட்ட எண்ணிக்கை: அமெரிக்கா 1,054, சோவியத் 1,618. பத்து வருடத்துக்கு முன் கற்பனையாக இருந்த பூதம் இப்போது எதிரே நின்றது. அதை வரவழைத்ததில் இரண்டு பேருக்கும் பங்கு உண்டு.

அதே 1972-ல் கையெழுத்தான ஒப்பந்தங்களில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு ஷரத்து இருக்கிறது. ஒருவரை ஒருவர் கண்காணிக்கும் கருவிகளில் இடைஞ்சல் செய்யக்கூடாது, அவற்றிடமிருந்து வேண்டுமென்றே எதையும் மறைக்கவும் கூடாது. நேரடியாகச் சொன்னால், உன் உளவுச் செயற்கைக்கோள் என் வீட்டை எட்டிப்பார்க்கட்டும், நான் கதவைச் சாத்தமாட்டேன். பொய்க்கு இருவரும் கொடுத்த விலையைப் பார்த்த பிறகு, இரண்டு எதிரிகளும் தங்களை வேவு பார்க்க ஒருவருக்கொருவர் அனுமதி கொடுத்துக்கொண்டார்கள்.