பானெட்டைத் திறக்கும் உரிமை யாருக்கு?

1/
மக்களே, இன்னைக்கு சுகர், பிரஷர் பற்றி இல்லை. கொஞ்சம் வரலாறு. கடைசியில் மருத்துவமும் வரும், பொறுமையா படிங்க.

கோட்டக்குப்பத்தில் இருந்து மரக்காணம் உப்பளம் வரை ஈ.சி.ஆர் ஓரம் கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் ஒரே எதிரி உப்புக்காத்து. உப்பும் ஈரமும் சேர்ந்தால் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். அதனால் நம்ம பக்கம் காருக்கு அடிக்கடி கவனிப்பு தேவை. ஆனால் "வெளியில கை வெச்சா வாரண்டி போயிடும் சார்" என்று ஷோரூமில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பேட்டரி முனையைத் துடைக்கக்கூட பயப்படுகிறோம். இந்தப் பயம் எப்போது வந்தது?

2/
முதலில் கோயம்புத்தூர் போவோம். 1893இல் கலங்கல் கிராமத்தில் பிறந்த ஜி.டி.நாயுடுவுக்குப் பள்ளிக்கூடம் ஒட்டவில்லை. ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கினார். ஓட்டலில் சர்வராக வேலை பார்த்துக் காசு சேர்த்து அதை வாங்கினார். வாங்கியதும் என்ன செய்தார் தெரியுமா? ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, திரும்பப் பூட்டினார். அதுதான் அவருக்குக் காலேஜ். 1920இல் பொள்ளாச்சி - பழனி இடையே ஒரு பஸ் ஓட்ட ஆரம்பித்தவர், பின்னாளில் பெரிய பஸ் கம்பெனிக்கே முதலாளி.

3/
அடுத்து அம்பாசடர். 1950களின் இறுதியில் இருந்து நம் ரோட்டை ஆண்ட வண்டி. அதில் ரகசியம் எதுவும் கிடையாது. ஸ்பேனரும் ஸ்க்ரூடிரைவரும் இருந்தால் எந்த ஊர் புளியமரத்தடியிலும் ரிப்பேர் ஆகிவிடும்.

பிறகு வந்த கார்களில் எஞ்சினை ஒரு சின்ன கம்ப்யூட்டர் கவனிக்க ஆரம்பித்தது. புகை குறைந்தது, மைலேஜ் கூடியது, நல்லதுதான். ஆனால் கோளாறு என்ன என்பது ஒரு கோட் எண்ணாக அந்தக் கம்ப்யூட்டருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதைப் படிக்கும் கருவியும் ஒரிஜினல் பார்ட்ஸும் டீலரிடம் மட்டும்! தெருமுனை மெக்கானிக்குக் கை கட்டப்பட்டது. பயம் இங்கேதான் பிறந்தது.

4/
2011 ஜனவரியில் சம்ஷேர் கட்டாரியா என்பவர் இந்தியப் போட்டி ஆணையத்தில் புகார் கொடுத்தார். ஹோண்டா, ஃபோக்ஸ்வேகன், ஃபியட் என்று மூன்று கம்பெனிகள் மீது ஆரம்பித்த விசாரணை மற்ற கம்பெனிகளுக்கும் விரிந்தது.

2014 மே மாதம் அம்பாசடர் உற்பத்தி நின்றது. அதே வருடம் ஆகஸ்ட் 25 அன்று தீர்ப்பு வந்தது. 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம்!

5/
அபராதத்தை விட முக்கியம், ஆணையம் போட்ட உத்தரவு:

- பார்ட்ஸும் கோளாறு கண்டறியும் கருவிகளும் வெளிச்சந்தையில் கிடைக்க வேண்டும்.
- வெளி மெக்கானிக்கிடம் போன ஒரே காரணத்துக்காக மொத்த வாரண்டியையும் ரத்து செய்யக் கூடாது. வெளியில் செய்த தவறான வேலையால் எந்தச் சேதம் வந்ததோ, அந்த அளவுக்கு மட்டுமே மறுக்கலாம்.

கம்பெனிகள் சும்மா இருப்பார்களா? அப்பீல், ஹைகோர்ட் என்று வழக்கு வருடக்கணக்கில் நீண்டது. 2022 டிசம்பரில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 'ரைட் டு ரிப்பேர்' என்று ஒரு இணையதளமே திறந்தது.

6/
இப்போ டாக்டராக ஒன்று சொல்கிறேன். 2002 மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, நோயாளி தன் சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். உடம்பு அவருடையது, அதனால் தகவலும் அவருக்குச் சேர வேண்டும். செகண்ட் ஒப்பீனியன் கேட்டார் என்பதற்காக நாங்கள் வைத்தியத்தை நிறுத்த முடியுமா? காருக்கும் அதே நியாயம்தானே?

7/
அதுக்காக எல்லாவற்றிலும் கை வைக்க வேண்டாம்.

நீங்களே செய்யலாம்: அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுவது, பேட்டரி முனை துடைப்பது, ஏர் ஃபில்டர், வைப்பர் மாற்றுவது.

தெரிந்தவரிடம் விடுங்கள்: பிரேக், ஏர்பேக், எலக்ட்ரிக் காரின் பெரிய பேட்டரி.

செய்யவே கூடாதவை மூன்று. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுப்பது. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறப்பது. மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓட விடுவது. அந்தக் கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனையே கிடையாது, ஆளைச் சத்தமில்லாமல் கொன்றுவிடும்.

8/
அடுத்த முறை "வாரண்டி போயிடும்" என்றால் சண்டை போடாதீங்க. "எந்த விதிப்படி சார்? எழுத்தில் கொடுங்க" என்று மட்டும் கேளுங்கள். வாங்கின வண்டியை முழுசாகக் கழற்றிப் பார்க்க அன்று நாயுடு யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. நமக்கு ஆணையத்தின் உத்தரவே கையில் இருக்கிறது. பேட்டரி முனையைத் துடைக்கவாவது பயப்படாமல் இருப்போம்.