மண்ணெண்ணெயில் ஓடிய யாழ்ப்பாணம்

1990 ஜூனில் இலங்கையின் உள்நாட்டுப் போர் மீண்டும் மூண்டதைத் தொடர்ந்து வடக்கிற்குப் பெற்றோல் செல்வது தடைபட்டமையால், யாழ்ப்பாணக் குடாநாட்டின் மோட்டார் திருத்துநர்கள் ஒஸ்ரின், மொறிஸ் முதலான பழைய பிரித்தானியக் கார்களை மண்ணெண்ணெயில் ஓடச் செய்தனர். குளிர்ந்த நிலையில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது என்பதால், எரிபொருளைக் காற்றுடன் கலந்து இயந்திரத்துக்கு ஊட்டும் உறுப்பாகிய காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலைப் பீய்ச்சி இயந்திரத்தை முடுக்கி, அது சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாறினர். குதிரைவலுவைக் கூட்டுவதற்காகப் பிற நாடுகளில் செய்யப்பட்ட மாற்றங்களைவிட, வலு குறையும் என்று அறிந்தே ஊரை இயங்கவைத்த இக்கைவினை பொறியியல் வரலாற்றில் உயர்ந்த இடத்துக்கு உரியது. மண்ணெண்ணெய்க் கலவை அழுத்தம் மிகுந்தால் கட்டுப்பாடின்றி வெடித்து இயந்திரத்தைத் தட்டவைக்கும் இயல்புடையதாகையால், அமுக்க விகிதம், அதாவது உருளைக்குள் கலவை நெருக்கப்படும் அளவு, குறைந்திருந்த பழைய இயந்திரங்களே அதற்கு ஈடுகொடுத்தன. அவற்றிலும் புகை மிகுந்தது, எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் கீழிறங்கி மசகெண்ணெயை நீர்க்கச் செய்தமையால் தேய்மானம் விரைந்தது.