வெளுத்துப்போன கத்தரிப்பூ நிறம்

வின்சென்ற் வான் கோவின் 'படுக்கையறை' பற்றி எழுதுவோர் பலர், அதன் நீலச் சுவர்களில் தனிமையையும் அவ்வருட இறுதியில் அவரைப் பீடித்த மனநோயின் முன்னறிகுறியையும் காண்கிறார்கள். இவ்வாசிப்பில் எனக்கு உடன்பாடில்லை. வான் கோ அச்சுவர்களை நீலமாகத் தீட்டவேயில்லை.

1888 ஒக்டோபரில், தென் பிரான்சின் ஆர்ள் நகரிலிருந்து தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்தில் நிறங்களை அவரே விவரித்திருக்கிறார். சுவர் வெளிறிய கத்தரிப்பூ நிறம். தரை செந்நிற ஓடு. கட்டிலும் கதிரைகளும் புதுவெண்ணெயின் மஞ்சள். போர்வை கடுஞ்சிவப்பு, ஜன்னல் பச்சை. நிழல்களை வேண்டுமென்றே விலக்கினார். பார்ப்பவருக்கு ஓய்வுணர்வு வரவேண்டும் என்பதே நோக்கம். மஞ்சளுக்கு எதிர்நிறம் கத்தரிப்பூ. அவ்விரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்யும் சமநிலையிலேயே அவர் அந்த ஓய்வைத் தேடினார் என்பது என் கருத்து.

கத்தரிப்பூ நிறத்தை நீலத்தோடு சிவப்பைக் கலந்தே பெற்றார். அச்சிவப்புச் சாயமோ வெளிச்சம் தாங்காதது. அது வெளுக்க, நீலம் எஞ்சியது. ஆய்வுகூடச் சோதனைகள் இதை உறுதிசெய்துள்ளன. அவர் 1889இல் மீண்டும் வரைந்த இரண்டையும் சேர்த்து, மூன்று படுக்கையறைகளையும் 2016இல் சிக்காகோ கலைக்கூடம் ஒன்றாகக் காட்சிப்படுத்தியபோது இச்செய்தி பரவலாகியது.

இத்தகைய சாயங்கள் நிலைக்காதவை என்பதை, விந்தையாக, அவரும் அறிந்தேயிருந்தார். காலம் தணித்துவிடும், ஆகவே அழுத்தமாகப் பூசவேண்டும் என்று அதே வருடம் தியோவுக்கு எழுதியுமிருந்தார். கதவுகளையும் இளங்கத்தரிப்பூ என்றே குறித்திருந்தார். அவையும் இன்று நீலம்.