பொடோமாக் ஆறும் பாஸ்பரஸும்

அமெரிக்கக் குடியரசுத் தலைவர்கள் ஒரு காலத்தில் பொடோமாக் ஆற்றில் நீந்தியிருக்கிறார்கள். 1820களில் ஜான் குவின்ஸி ஆடம்ஸ் விடியற்காலையில் அங்கே நீராடுவதை வழக்கமாகக் கொண்டிருந்தார். பின்னாளில் தியோடர் ரூஸ்வெல்ட்டும் அதில் இறங்கினார். 1965 அக்டோபரில் நீர்த்தரச் சட்டத்தில் கையெழுத்திட்ட லிண்டன் ஜான்சன், ரூஸ்வெல்ட் நீந்திய ஆறு சாக்கடையும் அழுகிய பாசியுமாகிவிட்டதை வருந்திச் சொல்லி, 1975க்குள் அது நீந்தத் தக்கதாகும் என்று வாக்களித்தார்.

சாக்கடை சரி, பாசி எங்கிருந்து வந்தது? தலைநகர் வாஷிங்டனின் கழிவுநீருக்காக ப்ளூ ப்ளெய்ன்ஸ் என்னுமிடத்தில் 1938லேயே ஒரு சுத்திகரிப்பு நிலையம் தொடங்கப்பட்டிருந்தது. திடக்கழிவைப் படியவைப்பதும், பிற்பாடு நுண்ணுயிர்களால் அழுக்கைச் சிதைப்பதும் அதன் பணி. நீரில் கரைந்த பாஸ்பரஸின் பெரும்பகுதி இவ்விரண்டுக்கும் சிக்காமல் ஆற்றுக்குப் போயிற்று. மனிதக் கழிவில் பாஸ்பரஸ் என்றும் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சலவைத்தூளில் கலந்த பாஸ்பேட்டும் அதனோடு சேர்ந்துகொண்டது. சட்டைகள் வெளுக்க, ஆறு பச்சையாயிற்று.

சலவைத்தூள் தயாரிப்பாளர்கள் எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. பாசி வளரக் காரணம் கரிமம்தான், பாஸ்பரஸ் அல்ல என்ற வாதம் அவர்களுக்கு வசதியாக இருந்தது. 1973இல் கனடாவின் ஒண்டாரியோவில் டேவிட் ஷிண்ட்லரின் குழுவினர், எண்ணை மட்டுமே பெயராகக் கொண்ட 226ஆம் ஏரியை நடுவே ஒரு திரையால் பிரித்தனர். ஒரு பாதியில் கரிமமும் நைட்ரஜனும் இட்டனர். மறுபாதியில் அவற்றோடு பாஸ்பரஸையும் சேர்த்தனர். பாஸ்பரஸ் இட்ட பாதி மட்டும் பச்சையாக மாறியது. வானிலிருந்து எடுக்கப்பட்ட அந்த ஏரியின் புகைப்படம் பல பக்க அறிக்கைகளால் இயலாததைச் செய்தது.

பொடோமாக்கில் அதற்கு முன்பே வேலை தொடங்கியிருந்தது. 1972ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டம் பணமும் கட்டாயமும் தந்தது. சுத்திகரிப்பில் இருக்கும் நீரில் இரும்பு உப்பைக் கலந்தால் பாஸ்பரஸ் அதனோடு பிணைந்து கசடாகப் படிந்துவிடும். மிகப் பழைய வேதியியல்தான். லிட்டருக்குச் சில மில்லிகிராமாக இருந்த பாஸ்பரஸ், இறுதியில் 0.18 மில்லிகிராம் என்ற வரம்புக்குள் கொண்டுவரப்பட்டது.

இங்கேதான் வரலாறு சுவாரசியமாகிறது. கழிவுநீரில் பாஸ்பரஸ் வெகுவாகக் குறைந்தபின், 1983 கோடையில், ஆறு மீண்டும் பச்சையாகப் பொங்கியது. மைக்ரோசிஸ்டிஸ் என்னும் நீலப்பச்சைப் பாசி மைல்கணக்கில் படர்ந்தது. செலவழித்த கோடிகளெல்லாம் வீணா என்ற கேள்வி எழாமல் இருக்குமா? ஆராய்ந்தவர்கள் விடையை ஆற்றின் அடியில் கண்டனர். பல்லாண்டுகளாக வந்து சேர்ந்த பாஸ்பரஸ், இரும்போடு பிணைந்து வண்டலில் கிடந்தது. பாசி ஒளிச்சேர்க்கைக்காக நீரிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்ச, நீரின் காரத்தன்மை ஏறுகிறது. அந்தக் காரத்தில் வண்டலின் பிணைப்பு தளர்ந்து பாஸ்பரஸ் வெளியேறுகிறது. அதைத் தின்று பாசி மேலும் பெருகுகிறது. குழாயை அடைத்துவிட்டோம், ஆனால் பழைய கணக்கு தீரவில்லை. இதைத் தோல்வி என்று படித்து முயற்சியைக் கைவிட்டிருந்தால் அதுவே பெரும் பிழையாகியிருக்கும் என்பது என் எண்ணம்.

கைவிடவில்லை. மேரிலாண்ட், வாஷிங்டன், வர்ஜீனியா மூன்றும் 1985 முதல் 1988க்குள் சலவைத்தூளில் பாஸ்பேட்டைத் தடை செய்தன. ஏறக்குறைய அரை நூற்றாண்டாக மறைந்திருந்த நீரடித் தாவரங்களும், பாசி பொங்கிய அதே 1983இல்தான் மீளத் தொடங்கின. முதலில் பரவியவற்றில் ஒன்று ஹைட்ரில்லா. நம் குளங்களிலும் காணக்கூடிய அந்நியக் கொடி அது. களை என்று பலர் வெறுத்தார்கள். பின்னர் நைட்ரஜனையும் குறைத்தபோது, உள்ளூர்த் தாவரங்களும் பெருகின என்று 2010இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

ஜான்சன் குறித்த 1975 வந்து போயிற்று. அதற்கு நான்காண்டுகளுக்கு முன்பே, 1971இல், வாஷிங்டன் நகரம் பொடோமாக்கில் நீந்துவதைச் சட்டப்படி தடை செய்துவிட்டது. பாசி வெகுவாகக் குறைந்த பிறகும் அந்தத் தடை நீடித்தது. பெருமழையில் மழைநீரோடு கலந்து பொங்கும் பழைய சாக்கடைக் குழாய்கள் அதற்கு ஒரு காரணம்.