அவ்வை, அப்பை, ஆத்தாள்: நம் மகளிர் பெயர்களின் வரலாறு

நாம் குடியேறி வாழும் இந்நீலமலையின் பெயரைக் கல்லில் பொறித்தவர் ஒரு ஜைனர் என்பதை நம்மவருள் பலர் அறியார். போசள மன்னன் விட்டுணுவர்த்தனனின் தண்டநாயகர் புணிசர், சாமராசநகரில் பார்சுவநாதருக்கு ஆலயம் எடுத்தவர். அங்குள்ள 1117ஆம் ஆண்டுக் கல்வெட்டு, அவர் தோடரை அஞ்சச்செய்து நீலமலையைக் கைக்கொண்டதாகக் கூறுகிறது. நீலகிரி பற்றிய மிகப் பழைய சான்றாக ஆய்வாளர் குறிப்பது இதனையே. கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட சமயத்தவர் ஒருவரின் வாள்வெற்றியாக நம் மலையின் பெயர் வரலாற்றில் நுழைந்தது என்பது சற்று நெருடலான செய்திதான். ஆயினும் இக்கட்டுரையின் பொருள் தண்டநாயகர் அல்லர்; அவர் காலத்து மகளிரின் பெயர்கள்.

அம்மன்னனின் தேவி சாந்தலை ஜைன சமயத்தவர். சிரவணபெளகொளத்தில் 1123ஆம் ஆண்டில் அவர் கட்டுவித்த ஆலயத்தில் எழுந்தருளியிருப்பவர் சாந்திநாதர். தேவியின் தாயார் மாசிகப்பெ. மகள் மறைந்தபின் அப்பெருமாட்டி சல்லேகனை நோற்று உயிர்துறந்தார். அதே தலத்தில் ‘ஜக்கிகட்டெ’ என்றொரு குளம் உண்டு. அதனை வெட்டுவித்தவர் ஜக்கிமவ்வெ. இவர்களுக்கு இருநூறு ஆண்டுகள் முற்பட்டு, பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நாகரகண்டம் என்னும் நாட்டுப் பிரிவை ஆண்ட ஜக்கியப்பெ என்னும் வீரமகளும் இறுதியில் சல்லேகனை நோற்றவரே. ஜக்கி என்பது யட்சி. அப்பெ, அவ்வெ என்பன தாயைக் குறிக்கும் சொற்கள். ஆக, ஜக்கியப்பெ என்றால் ‘யட்சித்தாய்’ என்று பொருள். பிறந்த பெண்மகவை அன்றே தாயென விளித்து வைத்த பெயர்!

இவ்வீறு கன்னட நாட்டோடு நின்றுவிடவில்லை. போளூரை அடுத்த திருமலையில் உள்ள குந்தவை ஜினாலயத்திற்கு, முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில், விளக்குக்கும் திருவமுதுக்கும் பொன் அளித்தவர் நன்னப்பயன் என்னும் வணிகரின் மனைவி சாமுண்டப்பை. இப்பெயரின் இறுதியில் உள்ள ‘அப்பை’ அந்த ‘அப்பெ’யே எனக் கொள்ளலாம். அதே மலையில், பதினான்காம் நூற்றாண்டில், இராசநாராயண சம்புவராயர் ஆட்சியில், பொன்னூர் மண்ணைப் பொன்னாண்டையின் மகள் ஒருவர் திருமேனி ஒன்றை எழுந்தருளுவித்தார். அவர் பெயர் நல்லாத்தாள். வடமொழியின் நிழல்கூடப் படாத தூய தமிழ்ப் பெயர் இது. என் தமிழாசிரியப் பணிக்காலத்தில் எத்தனையோ வருகைப் பதிவேடுகளைப் பார்த்திருக்கிறேன். இதனினும் அழகிய பெயரைக் கண்டதில்லை.

நம் அண்டை அயலாராகிய படகர் தாயை ‘அவ்வெ’ என்றே அழைக்கின்றனர். மூதாட்டியாகிய ஹெத்தையைத் தெய்வமாகப் போற்றுகின்றனர். மார்கழி, தை மாதங்களில் பேரகணியில் ஹெத்தை திருவிழாவுக்குத் திரள்வோரைக் காணும்போது, நம் கல்வெட்டு மகளிரின் பெயர்களில் உறைந்து நிற்கும் சொல் இங்கு இன்றும் உயிருடன் வழங்குவது நினைவுக்கு வரும்.

இனி யட்சியிடம் வருவோம். யட்சி தமிழில் இயக்கி ஆனாள். ஆற்காட்டை அடுத்த பஞ்சபாண்டவர் மலையில், நந்திவர்மனின் ஐம்பதாம் ஆட்சியாண்டில், பொன்னியக்கியார் படிமம் செதுக்கப்பட்டது. நேமிநாதரின் யட்சியாகிய அம்பிகையையே நாம் தருமதேவி என வழிபடுகிறோம். பார்சுவநாதரின் யட்சி பத்மாவதி. சந்திரப்பிரபரின் யட்சி சுவாலாமாலினி. பின்னவரின் வழிபாட்டோடு வந்தவாசிக்கு அருகிலுள்ள பொன்னூரையும் ஏலாசாரியரையும் மரபு இணைத்துக் கூறும். அவ்வழிபாட்டை விரிக்கும் இந்திரநந்தியின் நூல் 939ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தென்மாவட்டங்களிலோ இயக்கி ‘இசக்கி’ ஆகி, பிற சமயத்தார் இல்லங்களிலும் இசக்கியம்மாளாக வளைய வருகிறாள். பத்மாவதி என்னும் பெயரை நாம் விடவில்லை. இயக்கியை மட்டும் ஏனோ பிறர்க்கு விட்டுக்கொடுத்துவிட்டோம்.

துறவு பூண்ட மகளிரின் பெயர்கள் வேறு வகையின. ஆசிரியராகிய பெண் துறவியைக் கல்வெட்டுகள் ‘குரத்தி’ என்கின்றன. இது குரவர் என்பதன் பெண்பால், இடையின ரகரம். வல்லின றகரம் இட்டுப் படிப்போர் பொருளையே மாற்றிவிடுகின்றனர். கழுகுமலையில் குரத்தியர் பலர் தம் ஊர்ப் பெயராலேயே அறியப்படுகின்றனர்: திருச்சாரணத்துக் குரத்திகள், மிழலூர்க் குரத்திகள் என்பன போல. இல்லறத்தில் வைத்த பெயரைத் துறந்தவர்கள் அவர்கள். விளாப்பாக்கத்தில், முதலாம் பராந்தகனின் 38ஆம் ஆட்சியாண்டில் (945), கிணறு ஒன்று தோண்டுவித்தவர் பட்டினிக் குரத்தி அடிகள். இவர் திருப்பான்மலை அரிட்டநேமி பட்டாரரின் மாணாக்கி. உண்ணா நோன்பே பெயரானது! பசியைப் பெருமையாக அணிந்துகொண்ட வேறொரு பெண்பெயர் தமிழில் உண்டா என நான் தேடியதுண்டு, கிடைக்கவில்லை. வேடலில் கனகவீரக் குரத்தியாருக்கு ஐந்நூறு மாணாக்கியர் இருந்தனர். எதிர்ப்பக்கம் நானூறு தவப்பெண்கள் நின்று பூசலிட்டனர் என்கிறது ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டு. அந்தத் தொள்ளாயிரவருள் நாம் பெயரறிந்தது தலைவி ஒருவரை மட்டுமே.

காப்பியப் பெயர்களைச் சுருக்கமாகச் சொல்லி மேற்செல்வேன். சீவகசிந்தாமணியில் குணமாலை, கனகமாலை, விமலை, சுரமஞ்சரி முதலிய பெயர்கள் எவ்வீட்டிலும் வைக்கத்தக்கன. ‘கேமசரி’யில் உள்ள கேமம் ‘க்ஷேமம்’ என்பதன் தமிழ் வடிவம். நலம் என்று பொருள். நீலகேசி என்பவள் ‘கருங்கூந்தலாள்’. பழையனூரில் பேயாக இருந்து, முனிச்சந்திரரிடம் அறம் கேட்டுத் திருந்தி, பிற சமயத்தாரை வாதில் வென்றவள். பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் அக்காப்பியத்தைப் பதிப்பித்தார். நீலமலையில் வாழ்ந்தும் நீலகேசி என ஒரு பெண்ணுக்குப் பெயரிட நம்மவர் தயங்குவர். பேய் என்ற தொடக்கம் நினைவில் நிற்கிறதேயன்றி, வாதில் வென்ற முடிவு நிற்பதில்லை.

எல்லாவற்றிலும் தொன்மையான பெயர்கள் ஆதிபகவனின் மகளிர் இருவருடையவை. பிராமிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் அவர் கற்பித்தார் என்பது ஆதிபுராண மரபு. நம் முனிவர்களின் குகைப் படுக்கைகளில் காணப்படும் எழுத்துக்கு அம்மகளின் பெயரே வழங்குகிறது. சுந்தரி நம் வீடுகளில் உண்டு. பிராமி என்றாலோ நினைவாற்றலுக்குரிய மூலிகையைத்தான் இக்காலப் பிள்ளைகள் நினைக்கின்றனர்.

வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பக்கமிருந்து ஆசிரியராகவும் அரசு அலுவலராகவும் உதகைக்கும் குன்னூருக்கும் வந்த குடும்பங்களில் இப்போது மூன்றாம் தலைமுறை வளர்கிறது. குழந்தைகளுக்கு ஈரெழுத்திலும் மூவெழுத்திலும் பெயர் தேடுவதை நான் குறைகூற மாட்டேன். ஒவ்வொரு காலத்துக்கும் தனக்கென ஓர் ஓசை உண்டு. கவலை வேறொன்று. வீடுகளில் எழுதி வைத்துள்ள வமிசாவளிகள் சிலவற்றைப் பார்க்க நேர்ந்தது. ஆடவர் பெயர் ஏழு தலைமுறைக்கு இருக்கிறது. பெண்களோ ‘மனைவி’ என்றும் ‘மகள் இருவர்’ என்றும் நிற்கின்றனர். எழுநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட பொன்னூர்ப் பெண் நல்லாத்தாளை நாம் அறிவோம். நம் சொந்தக் கொள்ளுப்பாட்டியின் பெயரை அறியோம்.

எண்பது கடந்த அன்னையர் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். தம் தாயின் பெயர், அவரைப் பெற்ற பாட்டியின் பெயர், அவர்கள் பிறந்த ஊர், வீட்டில் வழங்கிய செல்லப்பெயர் ஆகியவற்றை அவர்கள் சொல்லக் கேட்டு, இவ்விழா நாள்களிலேயே குடும்ப ஏட்டில் எழுதிக்கொள்ளலாம். ‘அம்மாள்’ என்ற ஈற்றை வெட்டாமல், அவர்கள் சொல்லும் ஒலியிலேயே எழுத வேண்டும்.