கோப்புறைக்குப் பெயர் மாற்ற அனுமதி மறுக்கப்படுவது ஏன்?

பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதிகள், பரீட்சைப் பெறுபேறுகள், குடும்பப் புகைப்படங்கள் என எமது ஆவணங்கள் பலவற்றின் பிரதிகளும் இன்று கணினியின் கோப்புறைகளிலேயே பேணப்படுகின்றன. அத்தகைய கோப்புறையொன்றின் பெயரை மாற்ற முற்படுகையில், அனுமதி மறுக்கப்படுவதாக ஓர் அறிவித்தல் திரையில் தோன்றுமாயின், பலர் கணினி பழுதடைந்துவிட்டதென எண்ணிக் கலங்குகின்றனர். பெரும்பாலான சந்தர்ப்பங்களில் விண்டோஸ் தனக்கு வகுக்கப்பட்ட பாதுகாப்பு விதியின்படியே அவ்வாறு நடந்துகொள்கிறது. எனவே, காரணத்தை அறிந்த பின்னரே பரிகாரத்தை நாட வேண்டும்.

முதலாவது காரணம் மிகச் சாதாரணமானது. கோப்புறையினுள் இருக்கும் ஒரேயொரு கோப்பு வேறொரு மென்பொருளில் திறந்திருந்தாலும், முழுக் கோப்புறையினதும் பெயர்மாற்றம் தடைப்படும். திறந்துள்ளவற்றை மூடிவிட்டு மீண்டும் முயல வேண்டும். பயன் கிட்டாவிடின், கணினியை மீள இயக்கிப் பார்க்கலாம். 2009 இல் வெளியான விண்டோஸ் 7 முதற்கொண்டு 'ரிசோர்ஸ் மொனிட்டர்' என்னும் கருவியும் உண்டு. அதன் 'சிபியு' பகுதியில் கோப்புறையின் பெயரைத் தேடினால், அதனைப் பயன்படுத்திக்கொண்டிருக்கும் மென்பொருளை இனங்காணலாம்.

இரண்டாவது காரணம் உரிமை சார்ந்தது. 1993 இல் விண்டோஸ் என்ரியுடன் அறிமுகமான என்ரிஎவ்எஸ் முறைமையில், ஒவ்வொரு கோப்புறைக்கும் யார் எதனைச் செய்யலாம் என்ற அனுமதிப் பட்டியல் பேணப்படுகிறது. பெயர் மாற்றுவதற்கு அழிக்கும் உரிமை அவசியம். ஆகவேதான், ஒரு கோப்புறையை வாசிக்கவும் பிரதியெடுக்கவும் முடிந்தவரால் அதன் பெயரை மாற்ற முடியாமற் போகிறது. 'வாசிக்க மட்டும்' என்ற அடையாளத்தை நீக்குவதால் இத்தடை அகலாது. அலுவலகக் கணினியாயின், அதன் நிர்வாகியிடம் அனுமதி கோருவதே முறையாகும்.

விண்டோஸை மீள நிறுவிய பின்னர் பழைய வன்தட்டைத் திறப்போரே அதிகம் இடர்ப்படுகின்றனர். உரிமையாளரைக் கணினி பெயரால் அறிவதில்லை. ஓர் அடையாள இலக்கத்தாலேயே அறிகிறது. மீள நிறுவியதும் அவ்விலக்கம் மாறுவதால், அதே பெயரில் நுழைந்தாலும் நாம் அந்நியராகவே கணிக்கப்படுகிறோம். இந்நிலையில் நிர்வாகிக் கணக்கினூடாக நுழைந்து, கோப்புறையின் பண்புகளில் பாதுகாப்புப் பகுதிக்குச் சென்று, உரிமையாளராக எமது கணக்கை இட்டு, அக்கணக்குக்குரிய அனுமதியையும் வழங்கிக்கொள்ளலாம். ஆயினும், கோப்புகள் விண்டோஸின் மறைகுறியாக்க வசதியால் பூட்டப்பட்டிருந்தால், உரிமையை மாற்றினாலும் அவற்றை வாசிக்க இயலாது. அதற்குப் பழைய சாவிச் சான்றிதழ் தேவை. மீள நிறுவுவதற்கு முன்னரே அதனையும் ஆவணங்களின் பிரதியையும் வேறோர் இடத்தில் சேமித்து வைத்தல் வேண்டும்.

முழு வன்தட்டுக்கும் 'எல்லோருக்கும் முழு அனுமதி' வழங்கிவிடும் குறுக்குவழியைச் சிலர் பரிந்துரைப்பதுண்டு. பலர் கூடிப் பயன்படுத்தும் கணினியில் இது எவரும் எதனையும் அழிக்க வழிசெய்துவிடும். விண்டோஸ் இயங்குவதற்குத் தேவையான கோப்புறைகளின் பெயரை மாற்றினாலோ கணினியே இயங்காது போகலாம். ஆகையால், தேவைப்படும் ஒரு கோப்புறைக்கு, உரியவருக்கு மாத்திரம் அனுமதி வழங்குவதுடன் நிறுத்திக்கொள்ளுமாறு வாசகர்களை நாம் வேண்டிக்கொள்கிறோம்.