ஃபிரிட்ஸ் வால்டரின் பணிப் பதிவேடு

அரசு உத்தியோகம் பார்த்தவர்களுக்குப் பணிப் பதிவேடு என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. சேர்ந்த தேதி, பதவி உயர்வு, ஓய்வு எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். இடையில் சில ஆண்டுகள் விடுபட்டிருந்தால், அதிகாரியின் கண் முதலில் அங்கேதான் போய் நிற்கும். ஜெர்மனியின் நடுக்கள ஆட்டக்காரர் ஃபிரிட்ஸ் வால்டருடைய கால்பந்து வாழ்க்கையிலும் அப்படி ஓர் இடைவெளி உண்டு. 1942 முதல் 1951 வரை அவர் ஒரு சர்வதேசப் போட்டியும் ஆடவில்லை.

1920இல் கைசர்ஸ்லாட்டர்ன் நகரில் பிறந்தவர். தேசிய அணியில் முதல் ஆட்டம் 1940 ஜூலை 14 அன்று, ருமேனியாவுக்கு எதிராக. 9-3 என்று ஜெர்மனி ஜெயித்தது. அதில் மூன்று கோல் இவருடையவை. ஜூலை 14 பிரெஞ்சுக்காரர்களின் தேசியத் திருநாள். அதற்குச் சரியாக ஒரு மாதம் முன்புதான் ஹிட்லரின் படை பாரிசுக்குள் நுழைந்திருந்தது. 19 வயது இளைஞர் அணிந்து ஆடிய சட்டையில் ஸ்வஸ்திகா இருந்தது.

1942 மே மாதம் புடாபெஸ்டில் ஹங்கேரியோடு ஆட்டம். பாதி நேரத்தில் 1-3 எனப் பின்தங்கியிருந்த ஜெர்மனி கடைசியில் 5-3 என வென்றது. அந்த ஆட்டம் பிற்காலத்தில் அவர் உயிரையே காக்கும் என்று அன்று யார் நினைத்திருப்பார்கள்?

பிறகு அவரும் போர்முனைக்குப் போனார். 1945இல் சோவியத் படையிடம் கைதியாகி, ருமேனிய எல்லையிலுள்ள சிகெட் முகாமில் அடைக்கப்பட்டார். அங்கிருந்து கைதிகளை ரயிலேற்றி ரஷ்யாவுக்கு அனுப்பினார்கள். போனவர்களில் பலர் திரும்பவில்லை. முகாமில் காவலர்கள் பந்து விளையாடியபோது இவரும் கலந்துகொண்டார். புடாபெஸ்ட் ஆட்டத்தைப் பார்த்திருந்த ஹங்கேரிக்காரக் காவலர் ஒருவர் அவரை அடையாளம் கண்டுகொண்டார். ரஷ்யாவுக்குப் போகும் பட்டியலிலிருந்து வால்டர் தப்பினார். அந்த ஆண்டே ஊர் திரும்பினார்.

எல்லா ஆட்டக்காரருக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. போருக்கு முன் ஜெர்மன் தேசிய அணிக்கு ஏழு ஆட்டம் ஆடிய யூலியுஸ் ஹிர்ஷ், யூதர் என்ற ஒரே காரணத்துக்காக 1943இல் ஆஷ்விட்சுக்கு அனுப்பப்பட்டார். அவர் பதிவேடு அதோடு முடிந்தது. ஆட்டத் திறமை ஒருவரைக் காத்தது, இன்னொருவருக்கு உதவவில்லை. இதை மறந்துவிட்டு வால்டரின் கதையை அதிசயம் என்று மட்டும் சொல்வது சரியாகாது.

ஊர் திரும்பியபோது கைசர்ஸ்லாட்டர்ன் பிரெஞ்சு ஆக்கிரமிப்புப் பகுதியில் இருந்தது. அங்கேயே தன் கிளப்பைக் கட்டியெழுப்பினார். 1951, 1953 ஆண்டுகளில் கிளப் ஜெர்மன் சாம்பியன் ஆனது. ஸ்பெயினின் அத்லெட்டிகோ மாட்ரிட் பெரும் பணம் தர முன்வந்தும் அவர் சொந்த ஊரை விட்டுப் போகவில்லை.

1954 உலகக் கோப்பைக்கு அவர்தான் அணித் தலைவர், வயது 33. தம்பி ஒட்மாரும் அணியில் இருந்தார். முதல் சுற்றில் ஹங்கேரியிடம் 3-8 என்று தோல்வி. ஜூலை 4 அன்று பெர்ன் நகரில் நடந்த இறுதிப் போட்டியிலும் எதிரே அதே ஹங்கேரிதான். எட்டே நிமிடத்தில் இரண்டு கோல் வாங்கியாயிற்று. ஆனால் அன்று மழை. போர்க்காலத்தில் பிடித்த மலேரியாவால் வால்டருக்கு வெயில் ஆகாது. மழையில்தான் ஆட்டம் சூடுபிடிக்கும். அவர் அடித்த கார்னரிலிருந்து ஹெல்முட் ரான் சமன் செய்தார். 84ஆம் நிமிடம் ரான் இன்னொரு கோல் போட, 3-2. மழை நாளை இன்றும் ஜெர்மானியர் ‘ஃபிரிட்ஸ் வால்டர் வானிலை’ என்கிறார்கள்.

1958 உலகக் கோப்பை அரையிறுதியில் காயம்பட்டு வெளியேறியதோடு சர்வதேச ஆட்டம் முடிந்தது. மொத்தம் 61 ஆட்டம், 33 கோல். ஓர் ஆட்டக்காரனுக்கு உடல் உச்சத்தில் இருக்கும் வயது 22 முதல் 30 வரை. அதைப் போர் விழுங்கிவிட்ட பிறகும் மிஞ்சிய கணக்கு இது.

1985இல் கைசர்ஸ்லாட்டர்ன் மைதானத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். 2002 ஜூன் 17 அன்று 81 வயதில் காலமானார். நான்கு ஆண்டு கழித்து, அதே ஜூன் 17 அன்று, அந்த மைதானத்தில் இத்தாலியும் அமெரிக்காவும் உலகக் கோப்பை ஆட்டம் ஆடின. போரில் ஜெர்மனியை எதிர்த்து நின்ற அமெரிக்கா, அவர் பெயர் தாங்கிய மைதானத்தில் விருந்தாளியாக வந்து பந்து ஆடிப் போனது.